ஆங்கிலம் அறிவோம்: தொடுவதும் துழாவுவதும்



தொடுவதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல் என்று உங்கள் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். 'டச்' என்று உடனே சொல்லும். ஆனால், நம் தமிழில் தொடுவது வேறு, தடவுவது வேறு, வருடுவது வேறு. அரபியிலும் அப்படியே. படுவதற்கு 'மஸ்ஸ', கையால் தொடுவதற்கு 'லமஸ', நாடி பிடித்துப் பார்ப்பதற்கு 'ஜஸ்ஸ'. உளவாளியைக் குறிக்கும் 'ஜாஸூஸ்' இந்தக் கடைசிச் சொல்லின் வேரில் பிறந்ததுதான். ஆங்கிலத்திலும் இவ்வாறு பல சொற்கள் உண்டு.

'டச்' என்பது பொதுச்சொல். தெரியாமல் முழங்கை பட்டாலும் அது டச்தான். 'ஃபீல்' என்பது அறிவதற்காகத் தொடுவது. புடவைக் கடையில் துணியைத் தொட்டுப் பார்ப்பதும், பிள்ளையின் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் பார்ப்பதும் ஃபீல். இதன் இறந்தகாலம் 'ஃபெல்ட்'. கடைசி எழுத்தை விட்டு 'ஃபெல்' என்றால் 'விழுந்தேன்' என்றாகிவிடும். வைத்தியரிடம் பேசும்போது இதில் கவனம் தேவை.

குழந்தையை உறங்க வைக்க முதுகில் மெல்லத் தட்டுவது 'பேட்'. தலைமுடியை ஒரே பக்கமாக வருடுவது 'ஸ்ட்ரோக்'. பாரிசவாதத்துக்கும் இதே சொல்தான் என்பதால் இடமறிந்து பொருள் கொள்ள வேண்டும். தைலம் பூசி அழுத்தித் தேய்ப்பது 'ரப்'.

இனி, தாய்மார் கட்டாயம் அறிய வேண்டிய ஒரு சொல்: 'குரோப்'. மின்சாரம் நின்ற இரவில் நெருப்புப் பெட்டியைத் துழாவித் தேடுவது 'குரோப் ஃபோர்'. அந்த 'ஃபோர்' இல்லாமல் ஓர் ஆளைச் சேர்த்துச் சொன்னால் கருத்தே மாறிவிடும். ஒருவரின் உடலை, அவர் விரும்பாதிருக்க, கெட்ட எண்ணத்தோடு தடவுவதையே அது குறிக்கும். தமிழில் 'கை பட்டது' என்பதற்கும் 'கை வைத்தான்' என்பதற்கும் எவ்வளவு தூரம்! நெரிசலான பஸ்ஸில் நடந்ததை மகள் 'டச்' என்று மட்டும் சொன்னால், தெரியாமல் பட்டிருக்கும் என்று கேட்பவர் தட்டிக்கழிக்கலாம்.

நம் நாட்டில் 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவில் பாலியல் தொந்தரவைக் குற்றமாக்கியது. 5 வருடம் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். ஆனால், முறையிடப் போகும் பிள்ளைக்கு நடந்ததைச் சொல்லச் சொல் வேண்டும். தமிழிலோ ஆங்கிலத்திலோ, அந்தச் சொல்லை வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். தாயிடம் கேட்டறிந்த சொல்லைத் தாயிடம் வந்து சொல்லப் பிள்ளை தயங்காது.

இம்மாதப் பயிற்சி: இன்று காலை முதல் உங்கள் கை செய்த ஐந்து வேலைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் மேலே சொன்னவற்றில் பொருந்தும் வினைச்சொல்லைப் பிள்ளைகளோடு சேர்ந்து தேர்ந்தெடுங்கள்.