விட்டுவைத்த ஒன்றரை அங்குலம்

எங்கள் வீட்டு அலுமாரியில் தாத்தாவின் கறுப்புக் கோட்டு இருக்கிறது. முழங்கைப் பக்கம் தேய்ந்து பளபளக்கிறது. மார்பு மடிப்பு மட்டும் தைத்த நாளில் வளைந்தபடியே இன்றும் நிற்கிறது. தாத்தா அதைப் போட்டுக்கொண்டு கச்சேரிக்குப் போனார். அப்பா கலியாணத்துக்குப் போட்டார். ஆசிரியர் நியமனம் கிடைத்த அன்று நான் போட்டேன். மூவருக்கும் மூன்று உடல்வாகு. கைமாறிய ஒவ்வொரு தடவையும் பதுளைக் கடைவீதியில் ஒரு டெய்லர் முதுகுத் தையலைப் பிரித்து, உள்ளே மடித்துவிட்டிருந்த துணியை எடுத்து அளவைச் சரிசெய்து தந்தார். ஒன்றரை அங்குலம் இருந்தது அந்தத் துணி. இன்னும் பிறக்காத ஒரு பேரனுக்கும் உதவும்படி அதை வெட்டி எறியாமல் விட்டுவைத்தவரின் பெயர் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

ஊவாத் தோட்டங்களில் பிறந்த நாம் எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொள்ள வேண்டிய குற்றம் இது.

அப்புத்தளைக் குளிருக்கும் பண்டாரவளைப் பனிக்கும் கோட்டு வேண்டும்தான். ஆனால் நம் மூத்தவர்கள் அதைத் தைத்துக்கொண்டதில் வேறொரு காரணமும் இருந்தது. தலைப்பாகை, வேட்டி, கோட்டோடு பெரியங்கங்காணி நிற்கும் பழைய படங்களைப் பார்த்திருக்கிறோம். துரை வரும் வழியில் செருப்பைக் கழற்றி, குடையை மடக்கி, ஒதுங்கி நின்ற சனம் நாம். அப்படி நின்றவர்களில் ஒருவர் சீட்டுக் கட்டிக் காசு சேர்த்துத் தனக்கென்று ஒரு கோட்டுத் தைத்தார் என்றால், இனி நிமிர்ந்து நடப்பது என்று மனதுக்குள் முடிவெடுத்துவிட்டார் என்றுதான் அர்த்தம். 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று இரண்டு அரசுகளும் எழுதிக்கொண்டன. கடவுச்சீட்டுப் படத்துக்காக ஸ்டூடியோவில் தொங்கிய ஒரே கோட்டைப் பலர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். தைக்கத் தெரிந்தவர்களிலும் சிலர் அதே சனத்தோடு கோச்சி ஏறித் தலைமன்னாருக்குப் போனார்கள்.

நாம் எதைக் கைவிட்டோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நல்ல கோட்டின் மார்புக்குள் குதிரை மயிர் கலந்து நெய்த கேன்வாஸ் இருக்கும். அதை மேல்துணியோடு ஒட்டுவதில்லை. நூற்றுக்கணக்கான சிறு தையல்களால், கையால், தளர்வாகப் பிடித்து வைப்பார்கள். துணியை விரலில் வளைத்துப் பிடித்தே தைப்பதால் மடிப்பு அந்த வளைவில் நின்றுவிடும். போடப் போட அந்தக் கேன்வாஸ் போட்டவரின் நெஞ்சுக்கு இணங்கிக்கொள்ளும். கையைப் பொருத்துவது அதைவிடக் கடினம். கைத்துணியின் சுற்றளவு கைக்குழியைவிடக் கூடுதலாக இருக்கும். அந்தக் கூடுதலைச் சுருக்கம் தெரியாமல் ஈரச் சூட்டாலும் விரலாலும் அடக்க வேண்டும். முதலில் நூலோட்டி, போட்டுப் பார்க்கச் சொல்லி, பிரித்து, மறுபடி தைப்பார்கள். கடையில் தொங்கும் மலிவான கோட்டில் பசை பூசிய துணியைச் சூட்டில் ஒட்டியிருக்கிறார்கள். சில தடவை கழுவினால் பசை விட்டு மார்பில் கொப்புளம் எழும்பும். உள்ளே விடுதுணியும் கிடையாது. உடம்பு கொஞ்சம் பெருத்தால் அந்தக் கோட்டு யாருக்கும் உதவாது.

இவ்வளவு வேலைக்கு நாம் என்ன கொடுத்தோம்? தீபாவளி முற்பணம் கைக்கு வந்த பிறகுதான் துணி எடுப்போம். ஒரு வாரத்துக்குள் வேண்டுமென்று கடைவாசலில் நிற்போம். இரவிரவாக லாம்பு வெளிச்சத்தில் மெஷின் மிதித்து அவர் கண்ணைக் கெடுத்துக்கொள்வார். உடுப்பை வாங்கிக்கொண்டு, "அடுத்த சம்பளத்தில பாப்பம், டெய்லர்" என்போம். நானும் சொன்னேன். நியமனத்துக்குக் கோட்டைச் சரிசெய்து தந்தவருக்குப் பாதிக் கூலியைக் கொடுத்துவிட்டு, மீதியை மூன்று மாதம் இழுத்தடித்தேன். அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்காததை நான் எனக்கு வசதியாக எடுத்துக்கொண்டேன். துணிக்கடையில் சொன்ன விலையை மறுபேச்சில்லாமல் கொடுத்த நமக்கு, தைகூலி என்று வந்ததும் மட்டும் பேரம் பேசத் தெரிந்தது.

பிள்ளைகள் இந்தத் தொழிலைப் பழகவில்லை என்று இப்போது குறைப்படுகிறோம். படிப்பு ஏறாத மாணவனை "நீ தையல் கடைக்குத்தான் போவாய்" என்று வகுப்பறையில் ஏசியவர்கள் ஆசிரியர்களாகிய நாமே. அவமானம் என்று நாம் சொல்லிக்கொடுத்த ஒன்றை அவன் எப்படி விரும்பிப் பழகுவான்?

1983 ஜூலையில் பதுளை நகரில் தமிழர் கடைகள் எரிந்தன. அந்த அழிவு நம் கணக்கில் சேராது. திரும்பி வந்து மறுபடி கடை திறந்த டெய்லர்களை நாம் எப்படி வைத்திருந்தோம் என்பது நம் கணக்கில்தான் சேரும்.

1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் திறந்தது. பிறகு தோட்டத்துப் பெண்பிள்ளைகளும் கார்மெண்ட் வேலைக்குப் போனார்கள். லயத்திலிருந்து போனவள் அங்கேயும் ஒரு 'லைனில்'தான் உட்காருகிறாள். ஜூகி மெஷினில் நாள் முழுக்கக் காலர் மட்டும், அல்லது பொக்கட் மட்டும். அந்தச் சம்பளத்தில் அடுப்பெரிந்த வீடுகள் பல. அதை நான் குறைத்துப் பேசவில்லை. பத்து வருடம் தைத்த பிள்ளைக்கு ஒரு முழுச் சட்டையை அளவெடுத்து வெட்டத் தெரியாமல் போனதுதான் நெஞ்சில் உறுத்துகிறது. பாடசாலைச் சீருடைத் துணியைப் பாருங்கள். 1993 முதல் அரசாங்கம் இலவசமாகத் தருகிறது. 2025க்கான துணி முழுவதையும் சீனா அன்பளிப்புச் செய்தது. அதைத் தைத்துத் தருபவர்கள் லயத்தில் பழைய சிங்கர் மெஷின் வைத்திருக்கும் பெண்கள். பாடசாலை தொடங்கும் நாளில் அவர்களிடம் ஓடுகிறோம். மற்ற மாதங்களில் பஸ் ஏறி நகரத்துக்குப் போய் ரெடிமேட் வாங்குகிறோம்.

எழுதுகிறவர்கள் செய்த பிழை இதைவிடப் பெரிது. 1940இல் பதுளையின் வேவெஸ்ஸ தோட்டத்தில் நடந்த வேலைநிறுத்தத்தை எழுதினோம். லயத்தையும் கொழுந்துக் கூடையையும் திரும்பத் திரும்பப் பாடினோம். ஊர்வலத்தில் பிடித்த சங்கக் கொடிகளை வெட்டித் தைத்த கை யாருடையது என்று நான் ஒரு நாளும் விசாரித்ததில்லை. என்னோடு எழுதிய நண்பர்களும் விசாரிக்கவில்லை. ஒரு மூத்த டெய்லரின் பேச்சை ஒரு மணிநேரம் பதிவுசெய்யக் கையிலிருக்கும் போனே போதும். அதைக்கூடச் செய்யவில்லை.

பதுளையிலும் பசறையிலும் லுணுகலையிலும் இன்னும் சிலர் மெஷின் முன்னால் இருக்கிறார்கள். சிப் மாற்றுவதும் காற்சட்டைக்கு நீளம் குறைப்பதும்தான் அவர்களிடம் நாம் கொண்டுபோகும் வேலை. இந்தத் தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பே துணியோடு போங்கள். வீட்டில் பழைய கோட்டு இருந்தால் அதையும் எடுத்துப்போங்கள். பிரித்துக் காட்டச் சொல்லி, பக்கத்தில் ஒரு பிள்ளையை உட்கார வையுங்கள். கேட்ட கூலியை அன்றே கொடுங்கள். தைத்தவரின் பெயரைக் கேட்டு, உடுப்பின் உட்புறத்தில் எழுதி வையுங்கள்.