பக் நாயும் வன்னி வெக்கையும்

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வெளிநாட்டு இன நாய் வளர்ப்பது பெருமையாகிவிட்டது. குட்டியின் விலையைக் கேட்கிறவர்கள் தாய் தகப்பனின் இடுப்பைப் பற்றிக் கேட்பதில்லை. ஜேர்மன் ஷெப்பர்ட், லப்ரடோர் இரண்டுக்கும் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரக்கூடியது. ஓடும்போது பின்னங்கால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துத் துள்ளினால், படுத்தால் எழும்பத் தயங்கினால், அதற்கு நோகிறது என்று அறியுங்கள். பக் நாயின் பாடு இன்னும் மோசம். நாய் எங்களைப் போல் வியர்த்துச் சூடு ஆறுவதில்லை. இளைத்துத்தான் ஆற வேண்டும். அழகென்று சொல்லி மனிதன் குறுக்கிவிட்ட மூக்கால் அது எப்படி இளைக்கும்? சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் சங்கிலியில் கட்டிவிட்டால் சில மணி நேரத்தில் உயிரே போகலாம். குளிர்நாடான நெதர்லாந்தே மூக்குக் குட்டையான நாய்களின் இனப்பெருக்கத்தை 2019இல் கடுமையாகக் கட்டுப்படுத்தியது.

நீண்ட மூக்கும் கட்டை மயிருமாக எங்கள் ஊர் நாய்க்கு இந்த வெக்கைக்கென்றே அமைந்த உடம்பு. ஆனால் உண்ணிக் காய்ச்சல் எந்த இனத்தையும் விடாது. காதுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் தினமும் பாருங்கள். முரசு வெளிறினாலோ, மூத்திரம் பிளேன்ரீ நிறத்தில் போனாலோ அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். நாய் வளர்க்க ஆசைப்படுகிறவர்களிடம் என் வேண்டுகோள்: பக் குட்டிக்குக் காசு கொடுக்காதீர்கள். தெருவில் விடப்பட்ட ஊர்க்குட்டி ஒன்றைத் தூக்கி வந்து, விசர்நோய்த் தடுப்பூசி போட்டு வளருங்கள்.