கை நடுங்கினால் 'கல்தா'வா?

மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்ட தொழிலாளி ஒருவர் மறுபடி வேலைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். டீ டம்ளரைப் பிடித்தால் கை நடுங்குகிறது. "குடித்திருப்பானோ?" என்று பக்கத்தில் இருப்பவர்கள் கண்ணைச் சிமிட்டுகிறார்கள். "இனி இவன் உதவமாட்டான்" என்று மேஸ்திரி முடிவு கட்டுகிறார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் இது நடக்கலாம், திருவள்ளூரிலும் நடக்கலாம். இது நியாயமா?

இல்லவே இல்லை! அந்த நடுக்கத்துக்குக் காரணம் மது அல்ல, மருந்து.

1971-ம் ஆண்டில் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் சிறுநீரக மாற்று ஆபரேஷன் வெற்றிகரமாக நடந்தது. இந்தியாவில் வெற்றி பெற்ற முதல் ஆபரேஷன் அதுதான். இன்று சென்னை அரசு ஆஸ்பத்திரிகளிலும் ஏழைகளுக்கு இது நடக்கிறது.

ஆபரேஷனோடு வேலை முடிவதில்லை. ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் வீட்டுக் காவல்காரர்கள் மாதிரி. புதிய சிறுநீரகத்தை "அன்னியன்" என்று எண்ணித் தாக்கும். அவற்றை அடக்கி வைக்கும் மருந்துகளில் ஒன்று 'டாக்ரோலிமஸ்'. ஜப்பான் நாட்டு மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து 1984-ம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்டது.

இந்த மருந்து ரத்தத்தில் அதிகமானால் நரம்பையும் மூளையையும் தொடும். கை நடுங்கும். தலை வலிக்கும். தூக்கம் வராது. கை, கால் மரத்துப்போகும். சிலருக்கு, அபூர்வமாக, வலிப்பு வரும், பார்வை மங்கும், புத்தி தடுமாறும். அப்போது ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

பயம் வேண்டாம். ரத்தத்தில் மருந்தின் அளவைச் சோதித்து, டாக்டர் அளவைக் குறைப்பார். அல்லது மருந்தை மாற்றுவார். பெரும்பாலும் குணமாகிவிடும்.

ஆனால் வேலை போய்விடுமே என்று பயந்து, தொழிலாளி தானாக மாத்திரையை நிறுத்தினால்? சிறுநீரகமே போய்விடும்! அது யார் கொடுத்தது? பெற்ற தாய் கொடுத்ததாக இருக்கலாம். மூளைச்சாவு அடைந்த மகனுடையதை, அழுத கண்ணோடு ஒரு குடும்பம் கொடுத்ததாக இருக்கலாம். உறுப்பு தானம் செய்தவர்களின் உடலுக்கு அரசு மரியாதை தரப்படும் என்று 2023-ம் ஆண்டில் தமிழக அரசு அறிவித்தது. அந்தத் தானத்தை ஒரு மேஸ்திரியின் அவசரப் பேச்சு வீணாக்கலாமா?

முதலாளிகள் செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல. நடுக்கம் தீரும்வரை அவரை ஓடும் மெஷினிலும் உயரமான இடத்திலும் நிறுத்தாதீர்கள். ஸ்டோரில் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனை நாளில் சம்பளத்தோடு லீவு கொடுங்கள்.

வீட்டில் உள்ளவர்களும் கவனிக்க வேண்டும். மாத்திரை தினமும் அதே நேரத்தில் போகட்டும். வேறு எந்த மாத்திரையையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. பம்பளிமாஸ் பழமும் வேண்டாம். அது மருந்தின் வேகத்தைக் கூட்டிவிடும்.

நடுங்கும் கைக்குத் தேவை கல்தா அல்ல, கொஞ்சம் அவகாசம்!