தமிழ் காத்த வீட்டைத் தரைமட்டமாக்கினோம்!

சென்னைக் கோட்டையினுள்ளே கிளைவு மாளிகை இன்றும் நிற்கின்றது. வணிகக் கும்பினியின் எழுத்தனாக வந்து, வாளெடுத்து நாடு பறித்த வெள்ளையன் குடியிருந்த அம் மனையை நடுவணரசின் தொல்லியல் துறை காத்து வருகின்றது. அதே சென்னையில், திருவல்லிக்கேணியில், கழக இலக்கியங்களை ஓலைச்சுவடிகளினின்று மீட்டுத் தந்த உ.வே. சாமிநாதர் வாழ்ந்த வீடோ 2012-இல் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. நம்மிடம் பறித்தவன் வீடு நிற்கின்றது. நமக்குத் தந்தவர் வீடு இல்லை!

குடந்தைக் கல்லூரியினின்று 1903-இல் மாநிலக் கல்லூரிக்கு வந்த அப் பெருமகனார், முதலில் குடிக்கூலிக்கிருந்து, பின்னர் விலைக்கு வாங்கிய வீடு அது. 'தியாகராச விலாசம்' என்பது அதன் பெயர். பெயர் வடசொல்லாயினும் உள்ளே நடந்த பணி தமிழ்ப்பணியே. பதிற்றுப்பத்து 1904-இலும், பரிபாடல் 1918-இலும், பெருங்கதை 1924-இலும், குறுந்தொகை 1937-இலும் அச்சேறியவை அவர் சென்னையில் வாழ்ந்த அந் நாள்களிலேதான். 1942-இல் போர் அச்சத்தால் திருக்கழுக்குன்றம் சென்றவர், அவ்வாண்டே அங்கு மறைந்தார்.

'நூல்கள்தாம் இருக்கின்றனவே, செங்கல்லும் காரையும் எதற்கு?' என்பாரும் உளர். நூல் அறிவைத் தரும். நூல் பிறந்த இடம் உழைப்பைக் காட்டும். கரையான் அரித்த ஏடுகளை ஒப்புநோக்கி, ஒரு சொல்லுக்காகப் பல நாள் உழன்ற மாந்தர் அரண்மனையில் அன்று, நம்மைப்போல் ஒரு தெருவில் ஒரு வீட்டில்தான் வாழ்ந்தார் என்பதை இளைஞர் தம் கண்ணால் காண வேண்டாவா?

விற்றாரையும் வாங்கினாரையும் மட்டும் பழிப்பதில் பயனில்லை. நகர்நடுவில் மண் பொன்னாகும்போது, ஓர் இனத்தின் நினைவை ஒரு குடும்பத்தின் தோள்மேல் சுமத்துவது முறையன்று. அரசு உரிய விலை கொடுத்து வாங்கியிருக்க வேண்டும். அதே திருவல்லிக்கேணியில் பாரதியார் இல்லமும், புதுவையில் பாவேந்தர் இல்லமும் அரசுகளால் நினைவகங்கள் ஆகவில்லையா? சாமிநாதரின் சொந்த ஊரான உத்தமதானபுரத்தில் நினைவில்லம் அமைத்தவர்க்கு, அவர் உழைத்த வீடு மட்டும் ஏன் புலப்படவில்லை?

மரபுக் கட்டடங்களைக் காக்க ஆணையம் அமைக்கும் சட்டம் தமிழகத்தில் இயற்றப்பட்டதும் அதே 2012-இல்தான். அது நடைமுறைக்கு வந்ததோ 2024-இல்! 12 ஆண்டுகள் தாளில் உறங்கிய சட்டம் எந்த வீட்டைக் காத்திருக்கும்?

இனியும் அது தானாகக் கண் திறவாது. பட்டியலில் ஏறாத வீட்டை எச் சட்டமும் காவாது. எனவே, தமிழ் நெஞ்சங்களே! உங்கள் ஊரில் புலவரும் பதிப்பாசிரியரும் மொழிப்போர் மறவரும் வாழ்ந்த வீடுகள் எவையென இத் திங்களிலேயே தேடுங்கள். தெரு, கதவெண், இன்றைய நிலை ஆகியவற்றை எழுதி, ஒளிப்படத்துடன் ஆணையத்துக்கும் மாவட்ட ஆட்சியர்க்கும் விடுத்து வையுங்கள். உடைமையாளரைப் பகைக்காதீர், அவர்க்கு உரிய விலை கிடைக்கவும் சேர்த்தே குரல் கொடுங்கள்.

இடித்தபின் எழுவது ஒப்பாரி. இடிக்குமுன் எழுவதே காவல்!