கருப்பட்டியும் சர்க்கரைதான், கல்லுப்பும் உப்புதான்

'சர்க்கரை நோயாளிகளுக்கு ஏற்ற கருப்பட்டி.' இந்த வாசகத்தை இப்போது பல இயற்கை அங்காடிகளில் பார்க்கிறேன். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்கும் பெருமைதான். வெள்ளைச் சீனியில் இல்லாத தாதுக்கள் கொஞ்சம் அதில் உண்டு. ஆனால் பெரும்பங்கு சுக்ரோஸ், சீனியில் இருக்கிற அதே சரக்கு. ரத்தத்தில் ஏறியபிறகு, நீ பனையிலிருந்து வந்தாயா ஆலையிலிருந்து வந்தாயா என்று உடம்பு விசாரிக்காது.

போன மாதம் சந்தையில் உப்பளத்தில் வேலை செய்கிற ஒருத்தர் சொன்னார்: "மாத்திரையை நிறுத்தியாச்சு அண்ணாச்சி. கருப்பட்டிக் காப்பிக்கு மாறிட்டேம்லா." யார் சொல்லி நிறுத்தினீர் என்றேன். "எல்லாம் உங்காளுகதான்" என்றார்.

அவர் நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் நிற்கிறவர். சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் காலில் உணர்ச்சி குறையும். உப்புக்கல் கிழித்தாலும் தெரியாது, புண்ணும் சீக்கிரம் ஆறாது. அந்தக் கால் போனால் யார் பொறுப்பு?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் உதவியோடு நடந்த ஆய்வு ஒன்று 2023இல் வெளிவந்தது. நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் 13 கோடிப் பேர் அதன் விளிம்பில், பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு ரத்தக்கொதிப்பு என்கிறது அது. பணக்கார நாட்டு வியாதி என்ற பேச்செல்லாம் பழங்கதை. நம்ம துறைமுகத்தையே பாருங்கள். மூட்டை சுமந்த இடத்தில் கிரேனும் கன்டெய்னரும் வந்தாச்சு, மூன்று வேளைச் சோறு மட்டும் அப்படியே இருக்கிறது. நாமும் வயலுக்கு பைக்கில்தானே போகிறோம்!

உப்புக் கதையும் இதேதான். கல்லுப்பும் இந்துப்பும் பிரஷருக்கு நல்லது என்று சொல்லி விற்கிறோம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எந்த உப்பாக இருந்தாலும் அந்த 5 கிராமில் சோடியம் கிட்டத்தட்ட 2 கிராம். கருவாடு, ஊறுகாய், அப்பளம் என்று சாப்பிடுகிற ஊரில் அந்த அளவு எப்போதோ தாண்டியிருக்கும்.

குதிரைவாலியைப் பளபளவென்று வெள்ளையாகத் தீட்டி விற்பதையும் நிறுத்த வேண்டும். தவிட்டோடு நார்ச்சத்தும் போய்விட்டால் அரிசிச் சோற்றுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

நஞ்சில்லா உணவு என்று சொல்வோம், அது உண்மை. அதையே நோய்க்கு மருந்து என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது. அந்த அட்டைகளைக் கழற்றிவிட்டு, 'மாத்திரையை நிறுத்தாதீர்கள்' என்று எழுதி வைக்கலாம். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன, அதையும் சொல்லலாம்.

நம் சங்கங்கள் கேட்க வேண்டியது வேறொன்று. 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். விளாத்திகுளம், புதூர்ப் பக்கம் கம்பு விளைவிக்கிறவர் அதை விற்றுவிட்டு ரேஷன் அரிசிதான் பொங்குகிறார். அந்தக் கம்பை அரசே கொள்முதல் செய்து தூத்துக்குடி மாவட்ட ரேஷனில் போடட்டும். அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் இதற்கு ஒரு மனு கொடுக்கப்போகிறேன். கையெழுத்துப் போட வருகிறவர்கள் வாருங்கள்.