இன்னாடா எரியுது மாடியில?

இந்த வாரம் நம்ம லேப், எண்ணூர் வீட்டு மொட்டை மாடி. சோதனைப் பொருள்: வான்கோழி நெஞ்சுக்கறி, ஒரு கிலோ. நோக்கம்: வெள்ளைக்காரன் பண்ற மாதிரி புகையிலேயே வேகவைப்பது.

"ஏன்டா, எறாலும் நண்டும் கெடைக்கிற ஊர்ல இது எதுக்கு?"ன்னு அம்மா கேட்டாங்க. நியாயம்தான். ஆனா வான்கோழி நமக்கு அந்நியம் இல்லை பாஸ்! நம்மூர்க் கறுப்பு வான்கோழியையும் பெல்ட்ஸ்வில் என்ற வெளிநாட்டு வெள்ளை ரகத்தையும் கலந்து, சென்னை நந்தனம் கோழி ஆராய்ச்சி நிலையத்தில் 'நந்தனம் வான்கோழி-1'ன்னே ஒரு ரகம் உருவாக்கியிருக்காங்க.

நெஞ்சுக்கறியில் கொழுப்பு கம்மி. சும்மா வாட்டினா நோட்டு அட்டை மாதிரி ஆயிடும். அதுக்கு மருந்து உப்பு. கிலோவுக்கு 15 கிராம் உப்பு, கூடவே மிளகு, பூண்டு, மிளகாய்த்தூள், கொஞ்சம் வெல்லம். தடவி ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் வைக்கணும். உப்பு முதலில் கறியிலிருந்து தண்ணியை இழுக்கும். பிறகு அந்த உப்புத்தண்ணியே உள்ளே போய்ப் புரதத்தைத் தளர்த்தும். அதனால வேகும்போது ஈரம் ரொம்ப வெளியேறாது.

காசிமேட்டில் கருவாடு விக்கிற ஆயாகிட்ட இதைப் பெருமையா சொன்னேன். "இத்தினி உப்புல அது ஒரு வாரம்கூட தாங்காது கண்ணு!"ன்னு சிரிச்சாங்க. உண்மைதான். கருவாட்டைக் காப்பாத்துறது அள்ளிப் போடுற உப்பும் வெயிலும். நம்ம புகை வெறும் வாசனைக்குத்தான். வெந்த கறி ஃப்ரிட்ஜில் மூணு, நாலு நாள், அவ்வளவே.

ஞாயித்துக்கிழமை. பெரிய மண்பானை, அடியில் காற்றுக்குத் துளை, கரி எல்லாம் ரெடி. விறகு? ஹார்பர் பக்கமிருந்து பழைய பேக்கிங் கட்டைகளை ஃப்ரெண்ட் ஓசியில் கொண்டுவந்தான். ரெண்டு துண்டைப் போட்டுப் பத்த வெச்சேன். அஞ்சாவது நிமிஷம் கீழ்வீட்டு அக்கா மூச்சிரைக்க மேல வந்தாங்க.

"டேய், இன்னாடா எரியுது?"

சிரிப்பு வரலை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு, பெரியகுப்பம் கடலுக்கடியில் அம்மோனியா குழாய் கசிஞ்சப்ப, கண் எரிச்சலும் மூச்சுத்திணறலுமா ஜனங்க வீட்டைவிட்டு ஓடின ஊர் இது. இங்கே புது நெடி வந்தா தெருவே முழிச்சுக்கும்.

"கட்டைதான்க்கா..."

"இன்னா கட்டை?"

பதில் தெரியலை. மிச்சமிருந்த துண்டைத் திருப்பிப் பார்த்தா ஒரு முத்திரை: 'எம்.பி.' அதாவது மீத்தைல் புரோமைடு. கப்பலில் போகும் மரத்தில் பூச்சியைக் கொல்ல அடிக்கிற விஷவாயு! 'எச்.டி.'ன்னு இருந்தா, உள்பகுதிவரை 56 டிகிரியில் 30 நிமிஷம் சூடாக்கின மரம். ஆனா அதையும் நம்ப முடியாது. வழியில் அது மேல என்ன கொட்டுச்சோ, யாருக்குத் தெரியும்? பெயின்ட் அடிச்ச மரமும் பிளைவுட்டும்கூட வேண்டவே வேண்டாம்.

நல்லவேளை, கறியை இன்னும் உள்ளே வைக்கலை. நெருப்பை அணைச்சு, பானையை ஒதுக்கிட்டேன்.

அடுத்த ஞாயிறு வேற பானை. அக்கா வீட்டுக் கொய்யா மரத்துக் காய்ஞ்ச கிளை. பானைக்குள் சூடு 110 டிகிரி, ரெண்டரை மணி நேரம். கறியின் நடுவில் தெர்மாமீட்டர் 74 டிகிரி காட்டியதும் எடுத்தாச்சு. (கலரைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. புகை பட்டா வேகாத கறியும் பழுப்பா தெரியும். அப்புறம், ஹாஸ்டல் ரூமுக்குள் ட்ரை பண்ற ஐடியா இருந்தா மூட்டை கட்டிடுங்க. கரிப்புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாம ஆளைத் தூக்கிடும்.)

முதல் துண்டு அக்காவுக்கு. மென்னுட்டே, "கருவாட்டுக்கு முன்னாடி நிக்காது, ஆனா பரவால்லடா"ன்னாங்க!

சுத்தி இருக்கிற புகைபோக்கிகளைப் பார்த்து 'என்ன எரியுது?'ன்னு கேட்க நமக்கு உரிமை இருக்கு மக்களே. நம்ம மாடியில் பத்த வைக்கும்போதும், தீக்குச்சி உரசுறதுக்கு முன்னாடி அதைக் கேட்டுக்குவோம்.

வர்ட்டா? அடுத்த வாரம் சந்திப்போம்!