அம்மம்மா ஏறாத படிகள்

கோலாலம்பூரில் எனக்குக் கிடைத்தது ஒரேயொரு பகல். முதுகில் ஒரு பை, கையில் தண்ணீர்ப் போத்தல், துணைக்கு ஒருவருமில்லை. "இந்த வயதில் தனியாக ஊர் சுற்றப் போகிறாயா?" என்று வீட்டில் கேட்காதவர்கள் இல்லை.

ஆனால் எனக்குப் பத்துமலைக்குப் போகவேண்டிய தேவை இருந்தது. என் அம்மப்பா மலாயாப் புகையிரதப் பகுதியில் கிளாக்கராக இருந்தவர். அம்மம்மா பல வருடங்கள் பிரிக்பீல்ட்ஸில் குடும்பம் நடத்தினார். "ஒருமுறை தைப்பூசத்துக்குப் போனோம். எல்லாரும் மலை ஏறினார்கள். நான் கைக்குழந்தையோடு கீழே நின்றுவிட்டேன்" என்று அடிக்கடி சொல்லுவார். அந்தக் கைக்குழந்தைதான் என் அம்மா.

காலையில் சென்ட்ரல் நிலையத்தில் கொமியூட்டர் புகையிரதம் ஏறினேன். 2010இல் அறிமுகமான பெண்களுக்கான தனிப்பெட்டி அதில் இருந்தது. பயமில்லாமல் அமர்ந்து போனேன். இறங்கியதும் மலையடிவாரம். 2006இல் திறந்து வைக்கப்பட்ட 140 அடி உயர முருகன் சிலை முன்னே நிற்கிறது. அதன் பின்னால் குகைக்கு ஏறும் 272 படிகள். 2018இல் அவற்றுக்குப் பல வர்ணங்கள் பூசினார்கள். இங்கே தைப்பூசம் 1892 முதல் நடக்கிறது. அம்மம்மா அண்ணாந்து பார்த்தது மரப்படிகளைத்தான்.

முழங்கால் நோவோடு நின்று நின்று ஏறினேன். பாதி வழியில் ஒரு குரங்கு என் வாழைப்பழத்தைப் பறித்துக்கொண்டு ஓடியது. மேலே சுண்ணாம்புக்கல் குகை. கூரைத் துவாரத்தால் வெளிச்சம் இறங்குகிறது. கும்பிட்டபோது அம்மம்மாவுக்காகவும் சேர்த்துக் கும்பிட்டேன்.

கீழே வந்தால் ஓர் இளம் தாய், இடுப்பில் குழந்தை, காலடியில் நாலைந்து பைகள். "நீங்கள் ஏறவில்லையா, பிள்ளை?" என்றேன். "இவங்க அப்பா போயிருக்காரு. யாராவது நிக்கணுமே ஆண்ட்டி" என்றார். நானும் பக்கத்தில் இருந்தேன். கணவர் இறங்கி வந்ததும், "தம்பி, இனிக் குழந்தையை நீங்கள் வைத்திருங்கோ. இவ ஏறிவிட்டு வரட்டும்" என்றேன். அவர் வெட்கத்தோடு சிரித்துக் குழந்தையை வாங்கினார். அந்தப் பெண் திரும்பிப் பாராமல் ஏறினார்.

பிற்பகல் பிரிக்பீல்ட்ஸில் நடந்தேன். அம்மம்மா சொன்ன வீட்டு வரிசையைக் காணவில்லை. மாடிக் கட்டடங்கள்தான் நிற்கின்றன. இலங்கைத் தமிழர் கட்டிய கந்தசுவாமி கோயில் மட்டும் இருக்கிறது. அம்மம்மா அறிந்த கோலாலம்பூர் வீட்டிலிருந்து இந்தக் கோயில்வரைதான். நான் அதையும் தாண்டி, கிள்ளான், கோம்பாக் ஆறுகள் கலக்கும் இடத்திலுள்ள ஜாமெக் பள்ளிவாசல்வரை போய், ஆற்றங்கரையில் தேநீர் குடித்தேன்.

சகோதரிகளே, குடும்பத்தோடு பயணம் போகும்போது ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். பைகளுக்குக் காவலாக நிற்பது யார்? அடுத்த முறை அந்தக் காவலை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள். படிகள் எல்லோருக்குமாகத்தான் கட்டப்பட்டிருக்கின்றன.